நாலு வார்த்தையில் முடித்துவிட்டேன்

2008-ஆம் வருடம், அக்டோபர் மாதம். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. நாங்கள் அப்போது திருத்தங்கலில் குடியிருந்தோம். என் கணவருக்கு அச்சகங்களுக்குப் பேப்பர் சப்ளை செய்யும் வியாபாரம். சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. காலண்டர் ஆர்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர் என்று அவருக்கு போன் ஓயாது. அந்த வருடம் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் இருந்த அச்சகங்களின் வாசலில் எல்லாம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டே இருக்கும்.

இந்த அமளிக்கு நடுவில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு வெளிநாட்டு விருந்தாளி வந்தார்.

மதுரையில் ஒரு சங்கம் இருந்தது. வெளிநாட்டுச் சங்கத்து ஆட்கள் வந்தால் ஓட்டலில் தங்காமல் உறுப்பினர் வீட்டில் ஒரு வாரம் தங்குவார்கள். நாம் அவர்கள் ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டில் தங்கலாம். பேப்பர் வியாபாரத்தில் பழக்கமான ஒருவர் சொல்லி என் கணவர் அதில் சேர்ந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் உதறல்தான். "உனக்கு இங்கிலீஷ் வரும்ல, பெறகென்ன பயம்?" என்றார். கல்லூரியில் இரண்டு வருடம் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு எப்போதுமே ஒரு மாற்றுக் கூடுதல்தான்.

வீட்டைப் பார்வையிடச் சங்கத்தின் செயலாளர் ஒருநாள் வந்தார். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார், மாடி அறை மெத்தையை அமுக்கிப் பார்த்தார். போகும்போது, "சின்ன ஊரும்மா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா சங்கத்துக்கே கெட்ட பேரு. பாத்துக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அப்படி என்ன குறை வந்துவிடுகிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு.

கனடாவிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பதினோரு பேர் மதுரை வீடுகளில் தங்கினார்கள். ஒருவர் மட்டும் சிவகாசிப் பக்கம்தான் போவேன் என்று அடம்பிடித்து எங்களிடம் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அம்மா. சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி லேபிள் சேகரிக்கிறவர். பெட்டியில் துணிமணியைவிட லேபிள் ஒட்டிய நோட்டுதான் அதிகம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரே நாளில் அவருக்குக் 'கனடாம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவுடன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். தனக்குச் சர்க்கரை உண்டு, சின்ன வயதிலிருந்தே இன்சுலின்தான், இப்போது போட்டுக்கொள்கிற மருந்து கையோடு இருக்கிறது, இது அடுத்தடுத்துப் போடுவதற்கு, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றார். ஒன்றுவிடாமல் எனக்குப் புரிந்தது. கீழ்த் தட்டில் பத்திரமாக வைத்தேன்.

மறுநாள் காலையில் போன கரண்ட் மதியம் வரை வரவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. மேலே ஐஸ் பெட்டியில் வைத்திருந்த கறி மட்டும் கல்லாக இருந்தது. எனக்கு உடனே மூளை வேலை செய்தது. இருக்கிறதிலேயே குளிர்ச்சியான இடத்தில்தானே விருந்தாளியின் மருந்து இருக்க வேண்டும்? கறிப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தப் பெட்டியை ஐஸ் பெட்டியில் வைத்தேன். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்த சின்னக் கண்ணாடிக் குழாய்களில் மருந்து உறைந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் இங்கிலீஷில் பட்டையாக அச்சடித்திருந்தது, உறையவிடக் கூடாது என்று. இரண்டு வருடம் இலக்கியம் படித்தவள் அந்த ஒரு வரியை அப்போதுதான் படித்தேன்.

ஒவ்வொரு குழாயாக உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டு அடுப்படியில் நின்றேன். சட்டினி அரைக்க வேண்டும், தோசை ஊற்ற வேண்டும், எதுவும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் உருகி, பார்ப்பதற்குப் பழையபடி ஆகிவிட்டது. மருந்துக் கம்பெனிக்காரன் ஆயிரம் எழுதுவான், பாதுகாப்புக்கு எழுதியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழ்த் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன். கனடாம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து காலை வணக்கம் சொன்னார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த அலமாரியைத் திரும்பத் துடைத்தேன். ஃப்ரிட்ஜை ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை திறந்து மூடினேன். திங்கட்கிழமை மருந்துக்கடையில் கேட்டுவிடலாம் என்று கிளம்பிப் போனேன். கடைக்காரர் என் கணவருக்குக் கூட்டாளி. "என்ன வேணும், சொல்லுங்க" என்றார். இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கணவரிடம் சொல்லலாம் என்றால் அவர் காதிலிருந்து போனை எடுத்தால்தானே. எடுத்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னால் செயலாளருக்குப் போகும். 'சின்ன ஊரும்மா' என்ற அந்தச் சிரிப்பு என் கண் முன்னால் வந்துவிடும்.

உட்கார்ந்தால் யோசனை வருகிறது என்று கனடாம்மாவை ஓரிடத்தில் நிற்கவிடாமல் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பிரஸ்ஸுக்குப் போனோம், பேப்பர் வெட்டும் கட்டிங் பட்டறைக்குப் போனோம், விருதுநகர் போய் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். அவர் ரசித்துச் சாப்பிட்டார். ஒரு பழைய பிரஸ்ஸில் குதிரைப் படம் போட்ட லேபிள் கட்டு ஒன்று கிடைத்தபோது குழந்தை மாதிரி கைதட்டினார். அந்த நேரத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் இன்னும் பயமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். பேனா மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார், பழைய குழாயைக் கழற்றிவிட்டு அதில் புதியதை மாட்டினார். நான் இரண்டடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வாயைத் திறந்தேன். "டீ குடிக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

புதன்கிழமை மதியமே அவருக்கு முகம் வாடிவிட்டது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டார். இரவெல்லாம் மாடியில் குளியலறைக் கதவு திறந்து மூடும் சத்தம் எனக்குக் கேட்டது. வியாழக்கிழமை காலையில் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்றார். "உங்கள் வீட்டுச் சாப்பாட்டை அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டேன், என் தப்புதான்" என்று சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாம், எங்கள் ஊர்ச் சாப்பாடு கொஞ்சம் கனம்தான்" என்றேன். இன்றுவரை நான் வெட்கப்படுகிற வாக்கியம் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவருக்கு ரயில். அடுத்த ஒரு வாரம் கேரளாவில் வேறொரு வீடு. அந்தப் பெட்டியும் அவரோடு போகும். போய்விட்டால் என் பொறுப்பு முடிந்தது என்று ஒரு மனம் சொன்னது. ரயிலில் யாரும் தெரியாத ஊர்களைத் தாண்டிப் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்று இன்னொரு மனம் அரித்தது. வியாழக்கிழமை வீட்டிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. தீப்பெட்டியில் கையால் லேபிள் ஒட்டுவதைப் பார்க்காமல் போனால் தான் வந்ததே வீண் என்றார்.

நாரணாபுரத்தில் ஒரு பெண் வீட்டிலிருந்தே லேபிள் ஒட்டிக்கொடுக்கிறாள் என்று என் கணவர் விசாரித்து வைத்திருந்தார். ஆட்டோவில் போனோம். ஒற்றை அறை வீடு. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. தரையில் பசைக்கிண்ணம், ஒரு பக்கம் லேபிள் கட்டு, இன்னொரு பக்கம் குவியலாகத் தீப்பெட்டி. "வாங்கக்கா, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் பாயை விரித்துப் போட்டாள். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு விரலில் பசை, மறு விரலில் லேபிள், கண் எங்கோ இருக்கும், லேபிள் இம்மியும் கோணாது.

கனடாம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆசையாகப் பார்த்தார். ஆனால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு குடித்தார். பின்பக்கம் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து இன்னொரு சொம்பு குடித்தார். திரும்பவும் எழுந்து போனார். அந்தப் பெண் ஒட்டுவதை நிறுத்தாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவுகளுக்குச் சுகரா?"

"ஆமா. இன்சுலின் போடுறாங்க."

"மூச்சுல அழுகுன பழ வாசம் அடிக்குதுக்கா, பக்கத்துல உக்காந்திருக்கீக, தெரியலயா? மருந்த எங்கன வச்சிருக்கீக?"

"ஃப்ரிட்ஜ்லதான்."

"கீழயா, மேல ஐஸ் பெட்டியிலயா?"

"கீழதான்" என்றேன். அந்த நிமிடத்துக்கு அது பொய் இல்லை.

கனடாம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் எழுந்து மூலைக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய மண்பானை, அதற்குள் ஈர மணல், மணலில் புதைத்து ஒரு சின்னப் பானை. மூடியைத் திறந்து ஒரு மருந்துச் சீசாவை எடுத்துக் காட்டினாள்.

"நானும் பதினஞ்சு வயசுலருந்து ஊசிதான்க்கா. ஃப்ரிட்ஜ் இல்லாதவுக இப்பிடி வைங்கன்னு பெரியாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு. ரெண்டு வருசத்துக்கு முந்தி, கோடையாச்சேன்னு பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல குடுத்து வச்சேன். அவுக நல்லது நெனச்சு ஐஸ் பெட்டியில வச்சுட்டாக. உருகுனப்பறம் எங்கிட்ட குடுத்துட்டாக, சொல்லல. அதைப் போட்டா பச்சைத் தண்ணியப் போட்ட மாதிரிதான். மூணாம் நாளு கண்ணு தெரியாம கெடந்தேன். இந்த வாசந்தான் எனக்கும் அடிச்சுச்சு. இவுகள ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ராவு தாங்காது."

கனடாம்மா என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

நான் ஒருத்திதான் நடுவில். இவர் பேசுவது அவளுக்குத் தெரியாது, அவள் பேசுவது இவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பள்ளிக்கூடப் பக்கமே அதிகம் போகாதவள், இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது.

"அக்கா, நான் அம்புட்டு சொன்னேன். நீங்க நாலு வார்த்தையில முடிச்சுட்டீக?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. கனடாம்மா அதற்குள் பையைத் திறந்து விரலில் குத்திப் பார்த்தார். கருவி எண்ணைக் காட்டவே இல்லை, அளவு தாண்டிவிட்டது என்று எழுத்துதான் வந்தது. இன்னும் கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்கிறேன், சரியாகிவிடும் என்று பேனாவை எடுத்தார். அந்தப் பெண் தாவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பசைக்கை அப்படியே அவர் கையில் ஒட்டியது. "சொல்லுங்கக்கா" என்றாள் என்னிடம். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொன்னேன். ஐஸ் பெட்டியில் வைத்தது நான்தான், உறைந்துபோனது, உருக்கித் திரும்ப வைத்தேன், பெட்டியில் எழுதியிருந்ததையும் படித்தேன், அத்தனை குழாயும் போய்விட்டது என்றேன். என் இலக்கிய இங்கிலீஷ் எங்கே போனதோ, வாய் குழறி, அழுதுகொண்டே, துண்டு துண்டாகச் சொன்னேன்.

எப்போது என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு பேனாவிலிருந்து குழாயைக் கழற்றித் தரையில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து வாசலுக்குப் போனவர் அங்கேயே வாந்தி எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். அந்தப் பெண் பசைக்கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் கனடாம்மாவின் தலை அவள் தோளில்தான் இருந்தது. சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனை. இந்த முறை டாக்டரிடம் நானே முந்திக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். இன்னும் ஒரு இரவு விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும், ரயிலில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பதே சந்தேகம் என்றார் டாக்டர். அந்தப் பெண் சாயங்காலம் வரை இருந்துவிட்டுத்தான் போனாள். போகும்போது என் கையைப் பிடித்து, "சொல்லிட்டீகள்ல, விடுங்க" என்றாள்.

என் கணவர் ஓடி வந்தார். அவரிடமும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மருந்து வாங்கப் போய்விட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். நான் அந்த நடைபாதையில் நடந்த நடைக்கு விருதுநகர் போய்த் திரும்பியிருக்கலாம். தொழுதேன், அழுதேன், திரும்ப நடந்தேன். கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அவர் விழித்திருந்தாலும் என் பக்கம் திரும்பவில்லை. உயிர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. இனி அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரைச் சாதாரண அறைக்கு மாற்றினார்கள். மதுரையிலிருந்து செயலாளர் வந்தார். என்னைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேம்மா" என்றார். தலையைக் குனிந்துகொண்டு அறை வாசலிலேயே நின்றேன். செயலாளர் கட்டில் பக்கத்தில் போய், நடந்ததற்குச் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். கேரளாப் பயணத்தை ரத்து செய்தாயிற்று, மதுரையில் ஒரு டாக்டர் வீடு தயாராக இருக்கிறது, உடம்பு தேறும்வரை அங்கேயே இருக்கலாம், கார் கீழே நிற்கிறது என்றார்.

கனடாம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த வீட்டில் யாராவது தப்பு செய்தால் என்னிடம் சொல்வார்களா?" என்று கேட்டார்.

அங்கே இப்படிப்பட்ட தப்பெல்லாம் நடக்காது என்றார் செயலாளர்.

"எல்லா வீட்டிலும் நடக்கும்" என்றார் கனடாம்மா. "அங்கே நடந்தால் எனக்குத் தெரியாமல் போகலாம். இவள் சொல்லக்கூடியதிலேயே மோசமானதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நான் இவள் வீட்டுக்கே போகிறேன்." பிறகு இரண்டு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. மிச்சக் கோபத்தை உன் வீட்டுக்கு வந்து படுகிறேன்" என்றார்.

அப்படியே செய்தார். எங்கள் வீட்டில் மேலும் ஒன்பது நாள் இருந்தார், அதில் மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் அடுப்படிக்கு வந்து, நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உரித்துக்கொண்டே திட்டினார். சனிக்கிழமை ஐஸ் பெட்டியில் வைத்ததற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. ஞாயிறிலிருந்து வியாழன் வரை நாள் நாளாகப் பிரித்துத் திட்டினார், டீ குடிக்கிறீர்களா என்று கேட்டதையும் விடவில்லை. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், வெங்காயத்துக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. ஒரு வாரம் சிரித்துச் சிரித்து ஊர் சுற்றியபோது நாங்கள் சிநேகிதிகளாக இருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஆனது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போதெல்லாம் என் கையில் ஏதாவது உடைந்தாலும் கெட்டாலும், விருந்தாளி சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுகூட நான் காத்திருப்பதில்லை. அவர் முகம் சுருங்கினாலும் சரி, முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு ஓரிடத்தில் உட்காரவே முடிகிறது.